17 புள்ளி, 7 வரிசை, ஒரே கோடு: மெல்லிய மர உருளையில் ஒரு சிக்குக் கோலம்

இங்கே விவரிக்கப்போவது ஒரே ஒரு பொருளை. வெட்பாலை மரத்தில் கடைந்த, இருபுறமும் திறந்த உருளை அது. உயரம் 200 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 114 மில்லிமீட்டர், சுவரின் கனம் 2.5 மில்லிமீட்டர். சுற்றிலும் 17 புள்ளி, உயரத்தில் 7 புள்ளி கொண்ட சிக்குக் கோலம் அதன் சுவரில் ஊடுருவத் துளைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு. மொத்தத் துளைகள் 255. மரச்சுவரின் பரப்பில் ஏறக்குறைய பாதி போய்விட்டது.

இப்படிப்பட்ட துளைப்பு வேலைகள் உடையும்போது கைநடுக்கத்தையோ கருவியையோதான் எல்லோரும் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான உடைவுகள் காகிதத்தில் கோடு போடும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. கல்லுக்கும் தகட்டுக்கும் பொருந்தும் ஜாலி (துளைகள் நிறைந்த பலகணித் தட்டி) வடிவத்தை அப்படியே மரத்தின் மேல் ஒட்டி அறுத்தால், நாருக்குக் குறுக்கே ஓடும் ஒவ்வொரு சட்டமும் பிளக்கக் காத்திருக்கும். (துளைகளுக்கு இடையே மிஞ்சி நிற்கும் குறுகலான மரத்தைச் சட்டம் என்று இங்கே சொல்கிறேன்.) ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி துளைப்பதற்கு முன்பே நடந்தது. கட்டுரையும் அந்த அளவிலேயே நேரத்தைச் செலவிடும்.

மரமும் கடைசலும்

வெட்பாலையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அதன் நிறம். தந்தம் போன்ற வெண்மை. நார் மிக நெருக்கம். துளை விளிம்பு தும்பு தும்பாகப் பிரியாது. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் பொம்மை கடைவதும் இதே மரத்தில்தான். பருத்த மரம் அரிது என்பது அதன் குறை. நமக்குத் தேவை கைக்கு அடக்கமான உருளை என்பதால் அது தடையாகவில்லை. வெட்டிய மரத்தை நாள்கணக்கில் ஈரத்தோடு போட்டு வைத்தால் நீலம் பூத்துவிடும். வெண்மரங்கள் பலவற்றுக்கும் உள்ள நோய் இது. அதனால் பச்சையாகவே, வெட்டிய கையோடு கடைசலுக்கு ஏற்றினோம்.

மரத்தின் நடுத்தண்டு உருளையின் மையத்தில் வருமாறு கட்டையைப் பூட்டினோம். இது தற்செயலான முடிவல்ல. மரம் காயும்போது சுற்றுவட்டத்தில் அதிகமாகவும், மையத்திலிருந்து வெளிநோக்கிக் குறைவாகவும் சுருங்குகிறது. முழுக்கட்டை வெடிப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்: வெளிவளையம் சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் மரம் விடுவதில்லை. உள்ளே உள்ளதைக் குடைந்து எடுத்துவிட்டால் வளையம் தன் விருப்பப்படி சுருங்கலாம். நடுத்தண்டு மையத்தில் இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்கி, உருளை வட்டமாகவே நிற்கும். கட்டையை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியிலிருந்து கடைந்திருந்தால் காய்ந்தபின் முட்டை வடிவம் வந்திருக்கும்.

முதலில் மையத்தில் நெடுகத் துளை; பிறகு உள்பக்கம் முழுவதும் குடைவு; அதன்பின் உருளையை ஒரு மரத்தண்டில் மாட்டி வெளிப்பக்கம். வெளிப்பக்கத்தை ஒரே ஓட்டமாகக் கடைய முடியாது. சுவர் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் மரம் உளிக்கு அடியில் அதிரத் தொடங்கிவிடும். ஆகவே மேல் விளிம்பிலிருந்து 30, 40 மில்லிமீட்டர் பகுதியாக எடுத்து, அந்தப் பகுதியை இறுதிக் கனத்துக்குக் கொண்டு வந்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர வேண்டும். முடித்த பகுதிக்குத் திரும்பக் கூடாது. இடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் முடித்த பகுதி காய்ந்து உருமாறும்.

கனத்தை அறிய காலிப்பரைவிட வெளிச்சம் நன்றாக உதவியது. ஈரமான வெண்மரம் 3 மில்லிமீட்டரில் ஒளியை விடுகிறது. உள்குடைவில் ஒரு சிறு விளக்கைச் செலுத்தி, அறையை இருட்டாக்கிப் பார்த்தால் எங்கே சுவர் தடித்திருக்கிறது என்பது கருத்த பட்டையாகத் தெரியும். முழுச் சுவரும் ஒரே நிறத்தில் ஒளிரும் வரை கடைந்தோம். உலகெங்கும் மெல்லிய சுவர் கடைபவர்கள் கைக்கொள்ளும் முறை இது. கண்ணுக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பச்சையாக இருந்தபோது வெளிவிட்டம் 120 மில்லிமீட்டர். காய்ந்து, எடை மாறாமல் நின்றபின் 114. சுற்றளவில் சொன்னால் 377 என்பது 358 ஆகிவிட்டது. இந்த 19 மில்லிமீட்டர் வித்தியாசம் கோலம் போடுகிறவருக்கு மிக முக்கியம். பச்சை மரத்தில் கோடு போட்டுவிட்டுக் காயவிட்டால் புள்ளிகள் பக்கவாட்டில் மட்டும் நெருங்கும்; நாரின் நீளத்தில் மரம் ஏறத்தாழ சுருங்குவதே இல்லை என்பதால் உயரம் அப்படியே நிற்கும். ஆகவே காய்ந்து அமைதியான பிறகுதான் அளவெடுத்தோம். கடைசியாக உப்புத்தாள் போட்டதும் சுவர் 2.5 மில்லிமீட்டருக்கு வந்தது.

பதினாறா, பதினேழா?

கோலத்தைத் தந்தவர் என் அத்தை. மார்கழியில் தெருவடைத்துக் கோலம் போடும் தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கோலம் தொடங்கிய இடத்தில், கையெடுக்காமல், ஒரே கோடாக வந்து முடிய வேண்டும். மர வேலைக்கு அந்த நிபந்தனை தேவையே இல்லை; பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கோட்டைத் தொடர்ந்து போய்ப் பார்க்கப் போவதும் இல்லை. ஆனால் கோலத்தின் உயிர் அதில் இருக்கிறது என்று அவர் நினைத்தார். நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

என் முதல் திட்டம் சுற்றிலும் 16 புள்ளி. பாதி, அதில் பாதி என்று மடித்துக்கொண்டே போனால் கிடைக்கும் எண் அது. காகிதத்தை உருளையின் சுற்றளவுக்கு வெட்டி, 16க்கு 7 புள்ளி வைத்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் காகிதத்தின் இரு ஓரத்தையும் ஒட்டி வளையமாக்கி, சிவப்புப் பென்சிலால் கோட்டைப் பின்தொடர்ந்தார். தொடங்கிய இடத்துக்குக் கோடு திரும்பி வந்துவிட்டது. கோலத்தில் பாதிக்குச் சிவப்பு ஏறவே இல்லை.

“பதினாறு வேண்டாம்பா, இரண்டாகப் பிரிகிறது. ஒற்றைப்படையில் வைத்துப் பார்” என்றார்.

அவர் கைப்பழக்கத்தில் சொன்னதற்குள் ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது. தரையில் போடும் செவ்வக நேர்ப்புள்ளிக் கோலத்தில், எந்தச் சந்திப்பையும் விலக்காமல் முழுப் பின்னலாகப் போட்டால், கோடுகளின் எண்ணிக்கை இரு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமம். 3க்கு 4 வைத்தால் ஒரே கோடு. 3க்கு 3 வைத்தால் மூன்று. உருளையில் இடது ஓரமும் வலது ஓரமும் இல்லை. கோடு மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் மட்டுமே திரும்புகிறது. அதனால் கணக்கும் மாறுகிறது.

மேல் விளிம்பைத் தொட்ட கோடு சாய்ந்து இறங்கி, கீழ் விளிம்பைத் தொட்டு, மறுபடி மேலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 7 வரிசையில் இறங்கும்போது 7 புள்ளி, ஏறும்போது 7 புள்ளி, ஆக 14 புள்ளி பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். சுற்றிலும் 16 புள்ளி இருந்தால் அது தொடும் இடங்கள் 14, 12, 10 என்று இரட்டைப்படையிலேயே இறங்கி, எட்டாவது முறை தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். எஞ்சிய எட்டு இடங்கள் வேறொரு கோட்டுக்குச் சொந்தம். 17 புள்ளி இருந்தால் 14, 11, 8, 5, 2 என்று போய், எல்லையைத் தாண்டி 16, 13 என்று திரும்பி, 17 இடங்களையும் ஒவ்வொரு முறை தொட்ட பிறகே தொடக்கத்துக்கு வரும். பொதுவாகச் சொன்னால், உருளையில் கோடுகளின் எண்ணிக்கை என்பது சுற்றுப்புள்ளிகளுக்கும் வரிசைகளின் இருமடங்குக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி. இருமடங்கு எப்போதும் இரட்டைப்படை. அதனால் சுற்றுப்புள்ளி இரட்டைப்படையாக இருந்தால் ஒரே கோடு ஒருபோதும் வராது. அத்தை சொன்ன ஒற்றைப்படைக்குக் காரணம் அதுதான்.

17ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம், அது பகா எண். சுற்றில் 17 இருந்தால், வரிசைகள் ஐந்தோ ஆறோ ஏழோ எட்டோ, எத்தனை வைத்தாலும் ஒரே கோடுதான் வரும். வரிசை எண்ணிக்கை 17இன் மடங்காக இருந்தால் மட்டுமே உடையும். அதாவது வரிசைகளை மரத்தின் தேவைக்கு விட்டுக்கொடுக்கலாம். அடுத்த பகுதியில் அந்தச் சுதந்திரம் பயன்பட்டது.

இப்போது உருளையில் இருக்கும் கோடு மொத்தமாக 14 முறை சுற்றி வருகிறது. மேல் விளிம்பை 17 முறையும் கீழ் விளிம்பை 17 முறையும் தொடுகிறது. தன்னைத் தானே 221 இடங்களில் வெட்டிக்கொள்கிறது. வளைவுகளைக் கணக்கில் எடுக்காமல் அளந்தாலே நீளம் 7.8 மீட்டர்.

நாருக்கு எந்தக் கோணம்?

சிக்குக் கோலத்தை மரத்துக்குக் கொண்டுவரும்போது ஒன்றைத் தலைகீழாக்க வேண்டும். கோட்டை அறுத்தால் கோட்டுக்கு உள்ளே இருக்கும் மரமெல்லாம் தனித்தனித் தீவுகளாகி விழுந்துவிடும். ஆகவே கோடு மரமாக நிற்க வேண்டும், இடைவெளிதான் துளை. அப்படிச் செய்தால் புள்ளிக்கு நிற்க இடமில்லை. புள்ளி இருந்த இடம் ஒரு திறப்பாகிறது. அத்தைக்கு இது முதலில் பிடிக்கவில்லை. புள்ளி இல்லாத கோலம் என்ன கோலம் என்று கேட்டார். விளக்கை ஏற்றிக் காட்டிய பின் ஒன்றும் சொல்லவில்லை.

உருளையில் நார் செங்குத்தாக, மேலிருந்து கீழாக ஓடுகிறது. நாருக்கு இணையாக இழுத்தால் மரம் தாங்கும் விசையில் இருபதில் ஒரு பங்கு அளவே குறுக்காக இழுக்கும்போது தாங்கும். மரத்தைப் பொறுத்து இது மாறினாலும் இந்த வரிசையில்தான் இருக்கும். எனவே கிடைமட்டச் சட்டம் என்பது உருளையில் ஒரு பிளவுக்கான அழைப்பு. சதுரமும் செவ்வகமும் கொண்ட ஜாலி வடிவங்களை மெல்லிய மர உருளையில் நான் ஏற்பதே இல்லை. அந்த வகையில் சிக்குக் கோலம் மரத்துக்கு நல்ல வடிவம்: நேர்ப்புள்ளியில் அதன் கோடுகள் எல்லாம் சாய்வாகவே ஓடுகின்றன. விளிம்பில் திரும்பும் இடத்தில் மட்டும் கிடையாகப் படுக்கின்றன. அங்கே விளிம்பு வளையமே பின்னால் நின்று தாங்குகிறது.

ஆனால் ‘சாய்வு’ என்று சொல்லி நிம்மதியடைந்துவிட முடியாது. சாய்ந்த நாரின் வலிமையைக் கணிக்க 1921இல் ஹாங்கின்சன் தந்த சூத்திரம் இன்றும் மரக் கட்டுமானத்தில் பயன்படுகிறது. குறுக்கு வலிமை இருபதில் ஒரு பங்கு என்று வைத்து அதில் போட்டுப் பார்த்தால், 45 பாகையில் சட்டத்தின் வலிமை நேர்வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. நாம் கண்ணால் ‘நடுத்தரம்’ என்று நினைக்கும் கோணம், மரத்துக்குக் குறுக்குத் திசைக்கு மிக அருகில் இருக்கிறது. 40 பாகைக்கு நிமிர்த்தினால் வலிமை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 30 பாகையில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. அவ்வளவு நிமிர்த்தினால் கோலம் நீண்டு, அது கோலமாகவே தெரியாது.

அத்தையையும் மரத்தையும் சேர்த்துப் பார்த்து, புள்ளிகளின் இடைவெளியைப் பக்கவாட்டில் 21 மில்லிமீட்டராகவும் உயரத்தில் 25 மில்லிமீட்டராகவும் வைத்தோம். கோடு நாரிலிருந்து 40 பாகை சாய்ந்து நிற்கிறது. 7 வரிசைக்கு 175 மில்லிமீட்டர். மேல் விளிம்புக்கு 10, கீழ் விளிம்புக்கு 15. சதுரக் கட்டமாகவே வைத்திருந்தால் 8 வரிசை வந்திருக்கும். வரிசையைக் குறைத்தும் கோடு ஒன்றாகவே நின்றதற்கு 17க்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சட்டத்தின் அகலம் 4 மில்லிமீட்டர். புள்ளியைச் சுற்றிய திறப்பு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் அகலமும் 18 மில்லிமீட்டர் உயரமும் உள்ள முட்டை வடிவம். நான்கு புள்ளிகளுக்கு நடுவே வரும் திறப்பு உள்நோக்கி வளைந்த பக்கங்களைக் கொண்ட நான்முனை நட்சத்திரம். அந்த முனைகளைக் கூர்மையாக விடவில்லை. பிளவு எப்போதும் கூர்முனையில்தான் பிறக்கும். முனை ஒவ்வொன்றிலும் 1 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது வளைவு விட்டோம்.

358 மில்லிமீட்டரை 17ஆகப் பங்கிடுவது பற்றி ஒரு சிறு குறிப்பு. கடைசல் இயந்திரங்களோடு வரும் பிரிப்புத் தகடுகளில் 24, 36, 48 போன்ற எண்கள் இருக்கும், 17 இருக்காது. ஒரு பலகையில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் 18 இணைகோடுகள் போட்டு, சுற்றளவுக்கு வெட்டிய காகிதப்பட்டையை அவற்றின் மேல் சாய்த்து, ஒரு முனை முதல் கோட்டிலும் மறுமுனை கடைசிக் கோட்டிலும் படுமாறு வைத்தால் 17 சமபாகம் தானாகக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்து வடிவியல்தான். அளவுகோலை வைத்து 21.06 என்று குறித்துக்கொண்டே போவதைவிட நூறு மடங்கு நம்பகமானது.

காகிதத்தை ஒட்டுவதற்கு முன் உருளையைச் சுற்றிப் பார்த்ததில் நடுப்பகுதியில் ஒரு சிறு கணு தெரிந்தது. கணுவைச் சுற்றி நார் சுழல்கிறது. அங்கே சட்டம் விழுந்தால் கணக்கெல்லாம் வீண். காகிதத்தை ஏழெட்டு மில்லிமீட்டர் நகர்த்தி, கணு ஒரு திறப்பின் நடுவில் விழுமாறு செய்தோம். உருளையில் கோலத்துக்குத் தொடக்கம் என்று ஓர் இடம் கிடையாது என்பதால் இந்த நகர்த்தலுக்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

துளைத்தல்

வில் ரம்பத்தால் இதைச் செய்ய முடியாது. ரம்பத்தின் வில் உருளைக்குள் நுழைந்து திரும்ப இடமில்லை. மைக்ரோ மோட்டார் நிமிடத்துக்கு 30,000 சுற்று. பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் காற்றுச்சுழலி, ஏர் ரோட்டர் என்பார்கள், 3 முதல் 4 லட்சம் சுற்று. இரண்டையும் இதே மரத்தின் துணுக்குகளில் ஓட்டிப் பார்த்தோம்.

1.6 மில்லிமீட்டர் பிட்டின் வெட்டுமுனை 30,000 சுற்றில் நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் போகிறது, 3.5 லட்சம் சுற்றில் 29 மீட்டர். கை அதே வேகத்தில் நகர்ந்தால், வேகமான பிட் ஒவ்வொரு சுற்றிலும் கடிக்கும் மரம் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குதான். மெதுவான பிட் நாரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, கோட்டை விட்டு நார் போகும் பக்கம் இழுத்தது. காற்றுச்சுழலி எந்தத் திசையிலும் கோட்டை விடவில்லை. அதற்கு முறுக்குவிசை மிகக் குறைவு. சற்று அழுத்தினால் நின்றுவிடும். இந்த வேலைக்கு அது ஒரு நற்குணம், ஏனென்றால் கை தவறி அழுத்தினாலும் சட்டம் உடைவதற்கு முன் கருவி நிற்கிறது. கனடாவின் ஃபிராங்க் சுடோல், வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின் ஃபோ (1955–2017) போன்றவர்கள் மெல்லிய சுவர்த் துளைப்பை ஒரு கலையாக வளர்த்தது இத்தகைய அதிவேகக் கருவிகளைக் கையில் எடுத்துத்தான்.

கருவி வெளிவிடும் காற்று மரத்தூளை நேராக முகத்தில் அடிக்கிறது. கண்ணாடியும் நல்ல முகக்கவசமும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. தூள் அவ்வளவு நுண்மையானது. காற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும்.

உருளைக்குள் நுரை ரப்பரைச் சுருட்டித் திணித்து, சுவருக்குப் பின்னால் தாங்கல் கொடுத்தோம். முதலில் புள்ளித் திறப்புகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, சுற்றிச் சுற்றி எடுத்தோம். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் முடித்த பக்கம் நெகிழ்ந்து, மறுபக்கத்தின் பாரம் அதன் மேல் விழும். (17 ஒற்றைப்படை என்பதால் ஒன்றுவிட்டு ஒன்று என்ற ஒழுங்கு ஓரிடத்தில் இடறும், அடுத்தடுத்த இரண்டில் ஒன்றைக் கடைசிக்கு விட்டால் போதும்.) அதன்பின் மீதிப் புள்ளித் திறப்புகள், பிறகு நட்சத்திரங்கள், கடைசியாக விளிம்பை ஒட்டிய முக்கோணங்கள்.

ஒவ்வொரு திறப்பிலும் நடுவில் துளையிட்டு, சுருளாக வெளியே வந்து, கோட்டுக்கு முன் ஒரு மயிரிழை மரத்தை விட்டுவைத்து, பிறகு ஒரே மூச்சில் வலஞ்சுழியாக ஓர் இறுதிச் சுற்று. திறப்பின் உள்ளே வலஞ்சுழியாகப் போனால் பிட் தானாக முன்னோக்கி ஓடிவிடுவதில்லை. பிட் எப்போதும் உருளையின் அச்சை நோக்கியே நிற்க வேண்டும். 10 பாகை சாய்ந்தால் சுவரின் உள்பக்கத்தில் கோடு 0.44 மில்லிமீட்டர் விலகுகிறது. 4 மில்லிமீட்டர் சட்டத்தின் இருபுறமும் அப்படி நேர்ந்தால் உள்ளே 3 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். கையைச் சாய்க்காமல் உருளையைத் திருப்பிக்கொள்வதுதான் வழி. விளிம்பு பழுப்பேறத் தொடங்கினால் பிட் மழுங்கிவிட்டது என்று பொருள், உடனே மாற்றினோம். வெண்மரத்தில் கரிந்த விளிம்பை உப்புத்தாளால் எடுப்பது சட்டத்தையே இளைக்கச் செய்யும்.

கடைசி வரிசையில் ஒரு நட்சத்திரத்தை எடுக்கும்போது அதன் இடப்பக்கச் சட்டம் ஒன்றில் விரிசல் ஓடியது. கூர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் நார் செங்குத்தாக இல்லை. மரம் வளர்ந்தபோது லேசாகச் சாய்ந்த பக்கம் அது. இடப்பக்கம் சாய்ந்த சட்டங்கள் அங்கே நாரோடு 50 பாகைக்கு மேல் விலகி நிற்கின்றன, வலப்பக்கம் சாய்ந்தவை 30க்கு அருகில். விரிசல் விழுந்தது முதல் வகையில். கணக்கும் மரமும் ஒன்றையே சொன்ன இடம் இது. விரிசலைச் சற்றே திறந்து நீர்த்த சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டு மூடினோம். அந்தப் பகுதியில் எஞ்சியிருந்த இடப்பக்கச் சட்டங்களுக்கு அகலத்தை 4.5 ஆக்கினோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பின்னலாகத் தோன்ற

துளைத்து முடித்தபோது அது நல்ல ஜாலியாக இருந்தது, கோலமாக இல்லை. கோலத்தில் கோடு மேலே ஏறி, கீழே நுழைந்து போவதாக மனம் படித்துக்கொள்கிறது. மரத்தில் சந்திப்புகள் தட்டையாக இருந்தால் அந்தப் படிப்பு நடப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் கீழே போக வேண்டிய கோட்டை இருபுறமும் 0.6 மில்லிமீட்டர் இறக்கிச் செதுக்கினோம். 221 சந்திப்புகளில் எது மேல், எது கீழ் என்று குழம்பத் தேவையில்லை. பக்கவாட்டில் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள சந்திப்பில் வலப்பக்கம் ஏறும் கோடு மேலே. மேலும் கீழுமாக உள்ள இரு புள்ளிகளுக்கு இடையே என்றால் இடப்பக்கம் ஏறும் கோடு மேலே. இந்த ஒரே விதியைப் பிடித்தால் 7.8 மீட்டர் கோடும் மாறி மாறி ஏறி இறங்கி, விளிம்பில் திரும்பும்போதும் வரிசை கெடாமல் வந்து சேர்கிறது. முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. அத்தை விரலால் கோட்டைத் தொடர்ந்து ஒரு முழுச் சுற்று போனார்.

மெருகுக்கு எண்ணெய் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வெட்பாலையின் வெண்மையை அது மங்கச் செய்யும். நீர்த்த ஷெல்லாக்கைத் தூரிகையால் அல்லாமல் தெளிப்பானால் சில பூச்சுகள் அடித்தோம். தூரிகை ஒவ்வொரு திறப்பின் விளிம்பிலும் துளியைத் தேக்கிவிடும்.

அடிப்பலகையும் விளக்கும்

உருளை பிளப்பதற்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது: அடிப்பலகை. கோலம் துளைத்த பகுதி நெகிழும். ஆனால் விளிம்பு வளையம் முழு வளையம். அதனுள் ஓர் உலோகத் தட்டை இறுக்கமாகப் பொருத்தினால், கோடையில் மரம் சுருங்கும்போது உலோகம் இடம் கொடுக்காது. 15 மில்லிமீட்டர் உயர வளையம் செங்குத்தாகப் பிளந்துவிடும். உள்விட்டம் 109 மில்லிமீட்டர். பருவத்துக்குப் பருவம் ஒரு சதவீதம் அசைந்தாலே ஒரு மில்லிமீட்டர். ஆகவே தட்டின் விட்டத்தை 1.5 மில்லிமீட்டர் குறைத்து, மூன்று இடங்களில் தக்கைத் துண்டு ஒட்டி, உருளையை அதன் மேல் தளர்வாக உட்கார வைத்தோம். வடகிழக்குப் பருவமழையிலும் அதற்குப் பின் வந்த கோடையிலும் உருளை விரிந்து சுருங்கியது, வளையம் பிளக்கவில்லை.

சுவரில் கோலத்தின் நிழல் விழ வேண்டும் என்பது எல்லோருக்கும் ஆசை. அதற்கு விளக்கின் ஒளிமுனை சிறிதாக இருக்க வேண்டும். விளக்கு உருளையின் மையத்தில், மரச்சுவரிலிருந்து 57 மில்லிமீட்டரில் இருக்கிறது. அறைச்சுவர் ஒரு மீட்டர் தூரத்தில் என்றால் கோலம் பதினேழரை மடங்கு பெருகி விழும். 4 மில்லிமீட்டர் சட்டம் அங்கே 70 மில்லிமீட்டர் நிழல். ஒளிமுனை 2 மில்லிமீட்டர் என்றால் நிழலின் விளிம்பு மங்கல் 33 மில்லிமீட்டர், கோலம் தெரியும். வெள்ளைக் குமிழ் போட்ட சாதாரண எல்.இ.டி. பல்பில் ஒளிரும் பரப்பு 20 மில்லிமீட்டருக்கும் மேல். மங்கல் 330 மில்லிமீட்டர் ஆகி, நிழல் முழுவதும் கரைந்துவிடும். எனவே குமிழ் இல்லாத ஒற்றைச் சில்லு எல்.இ.டி.யை ஒரு அலுமினியத் தண்டின் முனையில் பொருத்தினோம். பழைய இழை பல்பு இங்கே கூடாது. அதன் சூடு மரத்தை ஒரு பக்கமாகக் காயவைத்துப் பிளக்கும்.

ஊடுபுள்ளி

அத்தை அடுத்து ஊடுபுள்ளிக் கோலம் (ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வருவது) கேட்கிறார். அங்கே கோடுகள் மூன்று திசைகளில் ஓடும். புள்ளி வரிசையைக் கிடையாக வைத்தால் இரண்டு திசைகள் நாரிலிருந்து 30 பாகைதான் விலகும், அது அருமையான கோணம். ஆனால் மூன்றாவது திசை முற்றிலும் குறுக்கு. கோலத்தை நிமிர்த்தி வைத்தால் மூன்றாவது திசை நாரோடு ஓடும், மற்ற இரண்டும் 60 பாகைக்குப் போய்விடும். தனிக்கட்டையில் கடைந்த உருளையில் இரண்டுமே 2.5 மில்லிமீட்டர் சுவரில் நிற்காது என்பது என் கணிப்பு. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின் நார் செங்குத்தாகவும் அடுத்ததின் நார் கிடையாகவும் மூன்று அடுக்காகச் சுற்றி ஒட்டிய உருளையில் அந்தத் தடை இருக்காது. எந்தத் திசைச் சட்டத்துக்கும் குறைந்தது ஓர் அடுக்கு நார் துணை நிற்கும். அதற்கு அடுக்குகளின் பசைக்கோடு திறப்பின் விளிம்பில் தெரியும் என்ற ஒரு குறை உண்டு. 114 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வெட்பாலைத் தகடு வெடிக்காமல் வளைகிறதா என்று பார்க்க, 0.8 மில்லிமீட்டரில் சீவிய தகடுகளைத் தற்போது நனைத்து அச்சில் கட்டி வைத்திருக்கிறோம்.